கணுக்கால் பிசகினா வலி போறது பாதி தான்: கால் பழையபடி முழுசா மடங்குற வரைக்கும் என்னென்ன பண்ணணும்

எனக்கு மூணு தடவை, மூணும் அதே வலது கால். முதல் தடவை வாலிபால் ஆடும்போது. நெட்டுக்கிட்ட எகிறி பிளாக் பண்ணிட்டு இறங்குனேன், எதிர் டீம் பையனோட பாதத்து மேல என் கால் விழுந்து உள்பக்கமா மடங்கிடுச்சு, டப்புனு சத்தம் எனக்கே கேட்டுச்சு. ரெண்டு வாரத்துல வீக்கம் வடிஞ்சுது, வலியும் போச்சு, சரியாயிடுச்சுனு நெனச்சு திரும்ப ஆடப் போயிட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு பஸ்ஸ விட்டு இறங்கும்போது அதே கால் பெரண்டுச்சு. அப்புறம் வீட்டு முன்னாடி சும்மா சிமெண்ட் தரையில நடக்கும்போது, கல்லும் இல்ல குழியும் இல்ல, மறுபடி மடங்குச்சு. அப்பதான் ஒரு பிசியோ அக்காகிட்ட போனேன். அவங்க என்னை செவுத்துப் பக்கம் நிக்க வெச்சு ஸ்கேல எடுத்து அளந்தாங்க, இடது கால் 11 செ.மீ., வலது கால் 4 செ.மீ. வலி இல்லாம ஆடிட்டு இருந்த அத்தனை மாசமும் என் கால் பாதி தான் மடங்கிட்டு இருந்திருக்கு, எனக்கே தெரியல.

அந்த அளவு என்னன்னு கீழ சொல்றேன், இந்த வழிகாட்டியில முக்கியமே அதுதான். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பண்ண வேண்டியது.

எலும்பு உடைஞ்சிருக்கான்னு முதல்ல பாத்துடுங்க

சுளுக்கும் எலும்பு முறிவும் வெளிய பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும், வீங்கும், நீலம் பாய்ஞ்சு கறுக்கும். கனடாவுல ஒட்டாவா நகரத்து டாக்டருங்க 1992ல இதுக்குன்னே ஒரு விதிமுறை வெளியிட்டாங்க, உலகம் முழுக்க எமர்ஜென்சி வார்டுல இன்னைக்கும் இதத்தான் பாக்குறாங்க. கணுக்கால்ல ரெண்டு பக்கமும் குமிழ் மாதிரி எலும்பு துருத்திட்டு இருக்கும்ல (எங்க பக்கம் கரண்டைனு சொல்வோம்), அந்தக் குமிழோட நுனியிலயும் பின்பக்க ஓரத்துல மேல ஒரு 6 செ.மீ. வரைக்கும் எலும்பையே விரலால அழுத்திப் பாருங்க. அடுத்து பாதத்தோட வெளி ஓரத்துல, சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவுல ஒரு மேடு தட்டுப்படும், அதை அழுத்துங்க. அப்புறம் பாதத்தோட உள்பக்கம், உள் குமிழுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்குற எலும்பு. இதுல எங்கயாவது எலும்பு மேலயே சுளீர்னு வலிச்சாலோ, அடிபட்ட உடனேயும் இப்பவும் நாலு எட்டு கூட வைக்க முடியலனாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகணும். நொண்டி நொண்டி வெச்சாலும் எட்டு தான், அது பரவாயில்ல.

சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க, சுகர் இருந்து பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கறவங்க, இவங்கள வீட்லயே அழுத்திப் பாத்து முடிவு பண்ணாதீங்க, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பாதம் மரத்துப்போச்சு, சில்லுனு ஆச்சு, கால் கோணலா நிக்குதுன்னாலும் உடனே கெளம்புங்க. இன்னொண்ணு, வலி குமிழுக்குக் கீழ இல்லாம மேல, முழங்காலுக்குக் கீழ வர்ற ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருந்து, பாதத்தை வெளிப்பக்கமா திருப்புனா உயிர் போற மாதிரி இருந்தா அது வேற வகை சுளுக்கு, ஆறுறதுக்கு ரொம்ப நாள் எடுக்கும், அதுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது, எலும்பு டாக்டரைப் பாத்துடுங்க.

நாம பேசுறது சாதாரணமா எல்லாருக்கும் வர்ற வகை. பாதம் உள்பக்கமா மடங்கி, வெளிக்குமிழுக்கு முன்னாடியும் கீழயும் இருக்குற லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடிச்சிருக்குற நார், இழுபட்டோ கிழிஞ்சோ போறது. லேசா இழுபட்டிருந்தா ஒண்ணு ரெண்டு வாரம், பாதி கிழிஞ்சிருந்தா நாலுல இருந்து ஆறு வாரம், முழுசா கிழிஞ்சா மூணு மாசமும் அதுக்கு மேலயும் ஆகும். இது ஓரளவுக்கான கணக்கு தான், உங்க கால் தான் நெஜ கணக்கு சொல்லும்.

முதல் மூணு நாள்

உருவி விடாதீங்க. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நம்ம வீடுகள்ல மொத வேலையே அதுதான். எனக்கும் முதல் தடவை அன்னைக்கு ராத்திரியே தெருவுல ஒரு பாட்டிய கூட்டிட்டு வந்து நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தி கணுக்கால்ல இருந்து விரல் வரைக்கும் அழுத்தி இழுத்தாங்க. பாசத்துல தான் பண்ணாங்க, கையில நல்ல பக்குவமும் இருந்துச்சு, ஆனா காலைல கால் பூசணிக்கா மாதிரி வீங்கி நின்னுச்சு. அப்பதான் கிழிஞ்ச நாரு, உள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருக்கு, அதை அழுத்தித் தேய்ச்சா கசிவு கூடத்தான் செய்யும். உள்ள எலும்புல கீறல் இருந்து அது தெரியாம இழுத்துட்டாங்கன்னா நெனச்சுப் பாருங்க. வெந்நீர் ஒத்தடமும் முதல் ரெண்டு மூணு நாள் வேணாம், மதுவும் வேணாம். மஞ்சள் பத்து போட்டுத்தான் ஆகணும்னு வீட்ல நின்னாங்கன்னா, தோல் கிழியாம இருந்தா ஆற வெச்சு மேலாப்புல தடவிக்கிட்டா போதும், கொதிக்கக் கொதிக்கப் போட்டு தோல் வெந்து போனவங்களப் பாத்திருக்கேன்.

ஐஸ் பத்தி ஒரு விஷயம். ஓய்வு, ஐஸ், கட்டு, கால் தூக்கி வைக்கிறதுனு நாலையும் சேத்து 1978ல அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின் சொன்னாரு, அதுதான் எல்லா ஊர்லயும் பரவுச்சு. அவரே பிற்பாடு 2014ல, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தள்ளிப் போடலாம்னு மாத்தி எழுதுனாரு. அதனால ஐஸ வலி கொறைக்கிறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க, துணியில சுத்தி 15 நிமிஷம், வேணும்னா ரெண்டு மூணு மணி நேரம் விட்டு இன்னொரு தடவை, ஐஸ் வெச்சா சீக்கிரம் ஆறும்னு நாள் பூரா வெச்சுட்டு உக்காராதீங்க.

கிரேப் பேண்டேஜ் நல்லா வேலை செய்யும், விரல் பக்கத்துல ஆரம்பிச்சு மேல மேல சுத்திட்டு வரணும், குதிகால்கிட்ட எட்டு மாதிரி குறுக்க போட்டு ஆடுசதைக்குக் கீழ முடிக்கணும். கட்டி முடிச்சதும் விரல் நகத்தை அழுத்தி விட்டா உடனே ரத்தச் சிவப்பு திரும்பணும், திரும்பலைன்னா இறுக்கமா கட்டிட்டீங்கனு அர்த்தம். ராத்திரி கழட்டிடுங்க. படுக்கும்போது நெஞ்சு மட்டத்துக்கு மேல வர்ற மாதிரி தலகாணி வெச்சு காலத் தூக்கி வைங்க. கைத்தடி வெச்சு நடந்தா அதை நல்ல கால் பக்கத்துக் கையில பிடிக்கணும், எல்லாரும் அடிபட்ட பக்கமே பிடிக்கிறாங்க, அது தப்பு. வலி மாத்திரை தேவைனா பாராசிட்டமால்ல ஆரம்பிங்க, வயித்துப்புண், கிட்னி பிரச்சனை இருக்கவங்க வேற எந்த வலி மாத்திரையும் டாக்டரைக் கேக்காம போடாதீங்க.

ரெண்டாவது மூணாவது நாள்லயே அசைவு ஆரம்பிச்சுடலாம், எலும்பு உடையலனு உறுதியா தெரிஞ்சா. படுத்துக்கிட்டு பாதத்தை மெதுவா உங்களப் பாத்து இழுங்க, அப்புறம் அந்தப் பக்கம் தள்ளுங்க, ஒரு தடவைக்கு இருபது, நாள்ல அஞ்சாறு வாட்டி. வீக்கம் வடியறதுக்கு இதவிட நல்ல பம்ப் கெடையாது. அஞ்சாறு நாள் கழிச்சு கட்டைவிரல் நுனியால காத்துல எழுத்து எழுதுங்க, அ-ல ஆரம்பிச்சு ஔ வரைக்கும் பன்னெண்டும். நம்ம எழுத்துல சுழி நெறைய இருக்கறதால கணுக்கால் எல்லாப் பக்கமும் சுத்தி வரும். ஆரம்பத்துல ‘அ’ சுழிக்கும்போது பாதம் உள்பக்கமா திரும்புற இடத்துல சுருக்குனு இருக்கும், அந்த இடத்துல மட்டும் எழுத்தைச் சின்னதா எழுதிக்கோங்க, நாளாக ஆக தானா பெருசாகும். முழங்கால் ஆடக்கூடாது, பாதம் மட்டும் தான் எழுதணும்.

சம்மணம் போட்டு உக்காராதீங்க, முதல் மூணு நாலு வாரத்துக்காவது. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. சம்மணம் போடும்போது பாதம் உள்பக்கமா மடங்கி வெளிக்குமிழு தரையில அழுந்தும், அதாவது எந்தப் பக்கம் கிழிஞ்சுதோ அதே பக்கமா இழுத்து வெச்சுட்டு அரை மணி நேரம் சாப்பிடறோம். சேர்ல உக்காந்து சாப்பிடுங்க.

நொண்டாம நடக்குறது

கால் ஊனி நடக்க வந்ததும் நெறைய பேர் பாதத்தை வெளிப்பக்கமா திருப்பி வெச்சு சாய்ஞ்சு நடப்பாங்க. கணுக்கால் முன்னாடி மடங்காததால உடம்பு தானா கண்டுபிடிக்கிற குறுக்கு வழி அது, அப்படியே பழகிட்டா வலி போனப்புறமும் அதே நடை தான் நிக்கும், இடுப்பும் முழங்காலும் வேற வலிக்க ஆரம்பிக்கும். வராண்டாவுல செருப்பு இல்லாம மெதுவா, ரெண்டு பாதமும் நேரா முன்னாடி பாத்து, குதிகால் மொதல்ல, அப்புறம் முழுப் பாதம், கடைசியா கட்டைவிரலால தள்ளி எடுக்குறது. பத்து எட்டு ஒழுங்கா வெச்சா போதும், நூறு எட்டு நொண்டி வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. சின்னச் சின்ன எட்டா வெச்சா ரெண்டு காலும் ஒரே அளவா வரும்.

வலிக்கு ஒரு அளவு வெச்சுக்கோங்க. பத்துக்கு மூணு வரைக்கும் வலிச்சா பண்ணலாம், அதுக்கு மேல போனா நிறுத்துங்க. மறுநாள் காலைல எந்திரிச்சதும் நேத்தைவிட வீக்கமோ வலியோ கூடியிருந்தா நேத்து பண்ணது அதிகம், பாதியா கொறைங்க. சாயங்காலம் லேசா வீங்குறது சகஜம், அதுக்குப் பயப்பட வேணாம்.

செவுரு டெஸ்ட்

இதுதான் நான் சொன்ன அளவு. செருப்பைக் கழட்டிட்டு செவுத்தைப் பாத்து நில்லுங்க. ஒரு காலை முன்னாடி வெச்சு, கட்டைவிரல் நுனிக்கும் செவுத்துக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு, குதிகால் தரையை விட்டுத் துளி கூட எழும்பாம முழங்காலை மடக்கி செவுத்துல தொடுங்க. தொட்டுச்சா, இன்னும் ஒரு செ.மீ. பின்னாடி வாங்க. எந்த இடத்துல குதிகால் எழும்பாம கடைசியா தொட முடியுதோ அங்க கட்டைவிரலுக்கும் செவுத்துக்கும் எவ்ளோ தூரம்னு ஸ்கேல்ல அளங்க. முழங்கால் ரெண்டாவது விரலுக்கு நேரா போகணும், உள்ள சரியக்கூடாது, சரிஞ்சா அளவு பொய்யா கூடக் காட்டும். குதிகாலுக்கு அடியில ஒரு பேப்பரை வெச்சு வீட்ல யாரையாவது லேசா இழுத்துப் பாக்கச் சொல்லுங்க, பேப்பர் வந்துடுச்சுனா குதிகால் எழும்பிடுச்சு.

பொதுவா 10 செ.மீ. கிட்ட வரணும்னு சொல்வாங்க, ஆனா ஆளுக்கு ஆள் மாறும், உங்க நல்ல காலோட அளவு தான் உங்களுக்கு இலக்கு. ரெண்டு காலுக்கும் வித்தியாசம் 1.5 செ.மீ.க்கு மேல இருந்தா இன்னும் வேலை பாக்கி இருக்குனு அர்த்தம். அடிபட்டு ஒரு பத்து நாள் கழிச்சு, ஊனி நிக்க முடியும்போது அளக்க ஆரம்பிங்க, வாரத்துக்கு ஒரு நாள், அதே நேரம், அதே செவுரு, காலண்டர்ல எழுதி வைங்க. என் காலண்டர்ல 4, 4.5, 6, 6, 6, 7.5னு போச்சு. நடுவுல மூணு வாரம் ஆறுலயே நின்னப்போ மனசு ஒடிஞ்சுடுச்சு, ஆனா எல்லாருக்கும் அப்படி ஒரு இடத்துல நிக்கும், விடாதீங்க.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா படி இறங்க, குந்தி உக்கார, ஓட, குதிச்சு இறங்க எல்லாத்துக்கும் முழங்கால் பாதத்தைத் தாண்டி முன்னாடி போயாகணும். நம்ம ஊர் டாய்லெட்ல உக்காரும்போது தெரியும், ஒரு குதிகால் மட்டும் தூக்கிக்கும், உடம்பு நல்ல கால் பக்கமா சாயும். கணுக்கால் முன்னாடி மடங்கலனா குதிச்சு இறங்கும்போது பாதம் வசமா பதியாது, திரும்பவும் மடங்குற சான்ஸ் கூடும்.

செவுரு டெஸ்ட் பண்ணும்போது எங்க பிடிக்குதுனு கவனிங்க. பின்னாடி ஆடுசதையில இழுத்துச்சுன்னா சதை இறுக்கம். முன்னாடி, பாதமும் காலும் சேர்ற மடிப்புல அடைச்ச மாதிரி, ஏதோ கல்லு மாட்டுன மாதிரி இருந்துச்சுன்னா மூட்டு இறுக்கம். ரெண்டுக்கும் வேற வேற மருந்து, இது தெரியாம தான் நான் ரெண்டு மாசம் ஆடுசதையையே இழுத்துட்டு இருந்தேன்.

ஆடுசதைக்கு, செவுத்துல கை வெச்சு அடிபட்ட காலைப் பின்னாடி வெச்சு, முழங்கால் நேரா, குதிகால் தரையில, 30 செகண்ட் நில்லுங்க. அப்புறம் அதே முழங்காலை லேசா மடக்கி இன்னொரு 30 செகண்ட், ஏன்னா உள்ள இருக்குற இன்னொரு சதை முழங்கால் மடங்குனா தான் இழுபடும். ரெண்டும் மூணு மூணு தடவை, காலைலயும் சாயங்காலமும். ஊனி நிக்க முடியாத ஆரம்ப நாள்ல காலை நீட்டி உக்காந்து துண்டைப் பாதத்துல மாட்டி உங்க பக்கமா இழுத்தா போதும்.

மூட்டு இறுக்கத்துக்கு, நாம முன்னாடி மடக்கும்போது பாதத்தோட மேல் எலும்பு பின்னாடி சறுக்கணும், சுளுக்குக்கு அப்புறம் அது சறுக்காம நின்னுடும். அதுக்குப் பழைய சைக்கிள் டியூப்ப வெட்டி கட்டில் கால்ல அடிப்பக்கமா கட்டுங்க. நீங்க கட்டிலுக்கு முதுகு காட்டி நின்னு, டியூப்ப ரெண்டு குமிழுக்கும் கீழ, பாதத்து மடிப்புல மாட்டிக்கோங்க, அது உங்க பாதத்தைப் பின்னாடி இழுக்கணும். மேல காலு எலும்புல மாட்டுனா வேலை செய்யாது. இப்ப குதிகால் எழும்பாம முழங்காலை முன்னாடி தள்ளி ரெண்டு செகண்ட் நின்னு திரும்ப வாங்க, பதினஞ்சு தடவை, மூணு சுத்து. டியூப் உரசுனா நடுவுல சாக்ஸ் போட்டுக்கோங்க. முதல் நாளே இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செவுரு டெஸ்ட் அளந்து பாருங்க, எனக்கு ஒரே தடவையில 1 செ.மீ. கூடுச்சு. மறுநாள் காலைல கொஞ்சம் கொறஞ்சிருக்கும், தெனமும் பண்ணப் பண்ண தான் நிக்கும். அடைப்பு கூடி வலி ஆகுற மாதிரி இருந்தா வம்புக்குத் தள்ளாதீங்க, பிசியோகிட்ட கையால பண்ணிக்கோங்க.

பாதம் கீழ்ப்பக்கமா நீளுறதையும் விட்டுடாதீங்க. வஜ்ராசனம் மாதிரி குதிகால் மேல உக்காந்து பாருங்க, அடிபட்ட கால்ல முன்பக்கம் தரையில படியாம தூக்கிட்டு நிக்கும். அந்த எடத்துல துண்டைச் சுருட்டி வெச்சு, கையால தரையில பாரம் தாங்கி, வாராவாரம் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமா மெல்லிசாக்கிட்டே வாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி இதை ஆரம்பிக்க வேணாம், கிழிஞ்ச நார் இழுபடுற பக்கமும் இதுதான்.

பலம்

ரெண்டாவது வாரத்துல இருந்து. முதல்ல அசைவே இல்லாம, பாதத்தோட வெளி ஓரத்தைக் கட்டில் கால்ல வெச்சு வெளிப்பக்கமா தள்ளி அஞ்சு செகண்ட் பிடிக்கிறது, பத்து தடவை. காலு வெளிப்பக்கத்துல இறங்கி வர்ற சதை தான் பாதம் உள்ள மடங்கும்போது பிடிச்சு நிறுத்துற ஆளு, அது தூங்கிப் போயிருக்கும். வலி கொறஞ்சதும் டியூபையோ ரெசிஸ்டன்ஸ் பேண்டையோ மாட்டி வெளிப்பக்கமா இழுங்க, திரும்ப விடும்போது மூணு எண்ணி மெதுவா விடுங்க, அந்த மெதுவா விடறதுல தான் விஷயம் இருக்கு.

அப்புறம் குதிகால் தூக்கி நிக்கிறது. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கால்ல மேல ஏறி, ரெண்டு கால்ல இறங்கி, பதினஞ்சு தடவை மூணு சுத்து. சுலபமானதும் ரெண்டு கால்ல ஏறி அடிபட்ட கால்ல மட்டும் இறங்குங்க. கடைசியா ஒத்தக் கால்ல ஏறி இறங்குறது. 25 தடவை முழு உயரத்துக்கு ஏறணும்னு ஒரு கணக்கு சொல்வாங்க, வயசு கூடக் கூட அது கொறையும், இங்கயும் நல்ல காலோட எண்ணிக்கைய வெச்சு பாத்துக்கோங்க. தினமும் வேணாம், ஒருநாள் விட்டு ஒருநாள்.

பேலன்ஸ்

லிகமென்ட்டுங்கிறது வெறும் கயிறு இல்ல, பாதம் எந்தக் கோணத்துல இருக்குனு மூளைக்குச் சொல்ற நரம்பு நுனிகள் அதுல இருக்கு, நார் கிழியும்போது அந்தத் தகவலும் கெட்டுப்போகுது, அதனால தான் கால் அப்பப்ப நழுவுதுனு 1965லயே ஃப்ரீமேன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர் எழுதிட்டாரு, ஒத்தக்கால்ல நின்னு பழகுற பயிற்சியும் அங்கிருந்து தான் வேர் பிடிச்சுது. சிமெண்ட் தரையில நான் விழுந்ததுக்குக் காரணம் இதுதான்.

காலைல பல்லு விளக்கும்போது அடிபட்ட கால்ல மட்டும் நில்லுங்க, தனியா நேரமே ஒதுக்க வேணாம். 30 செகண்ட் ஆடாம நிக்க வந்ததும், செவுத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்னு கண்ணை மூடிப் பாருங்க, ரெண்டு கால்லயும் மாத்தி மாத்தி பண்ணா வித்தியாசம் அப்பட்டமா தெரியும். அடுத்து மடிச்ச தலகாணி மேல நிக்கிறது. அடுத்து ஒத்தக் கால்ல நின்னுட்டு மத்தக் கால் விரலால முன்னாடி, பின்பக்கம் ரெண்டு சாய்வுலயும் எட்டுற வரைக்கும் தொட்டு வர்றது, எவ்ளோ தூரம் எட்டுதுனு சாக்பீஸ்ல கோடு போடுங்க. அதுக்கும் அடுத்தது ஒத்தக் கால்ல நின்னு செவுத்துல பந்தை எறிஞ்சு பிடிக்கிறது, அப்ப கவனம் பந்து மேல போயிடும், கால் தானா வேலை பாக்கக் கத்துக்கும். தினமும் பத்து நிமிஷம், ஆறு வாரத்துக்குக் கொறையாம.

ஓட்டமும் ஆட்டமும்

நாள் கணக்கு பாத்து கிரவுண்டுக்குப் போகாதீங்க. அரை மணி நேரம் வேகமா நடந்து வலிக்கலனா, செவுரு டெஸ்ட் வித்தியாசம் 1.5 செ.மீ.க்குள்ள வந்துட்டா, ஒத்தக் கால் குதிகால் ஏத்தம் நல்ல காலுக்குக் கிட்ட வந்துட்டா, ஓடலாம். ஒரு நிமிஷம் மெது ஓட்டம், ஒரு நிமிஷம் நடை, பத்து தடவை, சமதரையில. ஒரு வாரம் அது ஒத்து வந்தா ரெண்டு கால்ல குதிச்சு சத்தம் வராம இறங்குறது, அப்புறம் ஒத்தக் கால்ல, அப்புறம் பக்கவாட்டுல. எட்டு போட்டு வளைஞ்சு ஓடுறது, திடீர்னு நின்னு திரும்புறது கடைசி. ஒத்தக் கால்ல எவ்ளோ தூரம் தாண்ட முடியுதுனு ரெண்டு காலையும் அளந்து பாருங்க, நல்ல கால் அளவுல பத்துக்கு ஒம்பது பங்காவது வரணும்.

ஆறு எட்டு வாரம் இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் மூட்டுக்குள்ள ஆழமா வலிச்சாலோ, பூட்டு போட்ட மாதிரி மாட்டிக்கிட்டாலோ, கால் நழுவிட்டே இருந்தாலோ திரும்ப எலும்பு டாக்டரைப் பாருங்க, உள்ள குருத்தெலும்புல அடிபட்டிருந்தா சாதா எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

எனக்கு ஒம்பதாவது வாரம் 10 செ.மீ. வந்துச்சு, பதினாலாவது வாரம் ஆட எறங்குனேன். லேஸ் வெச்ச ஆங்கிள் பிரேஸ் (கணுக்கால் மடங்காம இறுக்கிப் பிடிக்கிற உறை) போட்டுத்தான் ஆடுறேன், ஏற்கனவே பிசகுன காலுக்கு அது நெஜமாவே காவல், குறைஞ்சது ஒரு வருஷம் ஆட்டத்தப்ப மட்டும் போடுங்க, வீட்ல நடக்கும்போது வேணாம். வாலிபால் ஆடறவங்க ரெண்டு கால்ல இறங்கப் பழகுங்க, நெட்டுக்குக் கீழ நடுக்கோட்டைத் தாண்டி கால் வைக்கக்கூடாதுனு ரெண்டு டீமும் ஆட்டத்துக்கு முன்னாடியே பேசிக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலைல நான் இன்னும் அதே செவுத்துல அளக்குறேன், போன மாசம் ஒரு வாரம் 9க்கு எறங்குச்சு, உடனே சைக்கிள் டியூப்ப எடுத்து கட்டில் கால்ல கட்டிட்டேன்.